புள்ளத்தாச்சிக்கு முதல் தம்ளர்

இறால் கொட்டகையில் புள்ளத்தாச்சிக்குத்தான் முதல் தம்ளர். அவள் நேற்று வேலைக்குச் சேர்ந்தவளாக இருக்கலாம், மற்ற பெண்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவளாகவும் இருக்கலாம். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டால் வரிசையில் அவள்தான் முன்னால். ஊற்றும் அளவும் அவளுக்குத்தான் அதிகம்.

எங்கள் வீடு ராயபுரத்தில், காசிமேட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. அப்பா காலமானபின் அம்மா இறால் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். அக்கா வயதுக்கு வந்த பிறகு அவளும் போனாள். விடிவதற்கு முன்பே ஐஸில் புதைத்த இறால் பெட்டிகள் வந்து இறங்கிவிடும். பெண்கள் சிமெண்ட் தரையில் வரிசையாகக் குந்தி, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துப் போட்டு, சதையை மட்டும் சட்டியில் சேர்ப்பார்கள். தரை முழுக்க ஐஸ் தண்ணீர் ஓடும். முதலில் விரல் நுனி வெளுக்கும். பிறகு விரலே இருப்பது தெரியாது. அதற்கப்புறம் குளிர் பாதத்தில் ஏறி இடுப்புக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். மே மாத வெயிலிலும் எங்கள் அம்மா போர்வை போர்த்திக்கொண்டு படுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு நடுவில் டீ வரும். டீயோடு பிராந்தியும் வரும். அதைக் கொட்டகையில் யாரும் பிராந்தி என்று சொன்னதில்லை, மருந்து என்றுதான் சொல்வார்கள். குடி என்றால் அவர்களுக்கு வேறு. ஆண்கள் சாயங்காலம் கடையில் நின்று குடித்துவிட்டு வந்து பாத்திரத்தை உடைப்பதற்குத்தான் குடி என்று பெயர். ஐஸில் உட்கார்ந்திருக்கும் பெண் டீயில் கலந்து ஒரு தம்ளர் குடிப்பது வேறு விஷயம். அதை ஊற்றும் வேலை எங்கள் அம்மாவுடையது. கை நடுங்காமல் எல்லோருக்கும் சரியாக ஊற்றுவாள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

புள்ளத்தாச்சிக்கு ஏன் அதிகம் என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

"ரெண்டு உசுருக்கும் குளிருது இல்ல? உள்ள கீற புள்ளைக்கு ஜல்ப்பு புடிச்சிகினா யாரு பாக்குறது? அதுக்கும் சேத்துதான்."

அந்தக் கொட்டகையில் இருந்த நல்ல மனசு எல்லாம் அந்த ஒரு தம்ளரில் இருந்தது. அதனால்தான் அதை யாராலும் தடுக்க முடியவில்லை.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் குடி ஆகாது. கொள்கை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. வாடை பட்டாலே வாந்தி எடுப்பார். கல்யாணத்தன்று அவருடைய நண்பர்கள் வற்புறுத்தி ஒரு வாய் ஊற்ற, மாப்பிள்ளை கோலத்தில் மண்டபத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றார். கொட்டகைப் பெண்கள் அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள்.

"உன் வூட்டுக்காரரு ஆம்பளயா, கோயில் மாடாடி?" என்பார்கள் அக்காவிடம்.

"கோயில் மாடுதான். முட்டாது, ஒதைக்காது. ஒனக்கு வேணுமா?" என்பாள் அக்கா.

அவர்களுக்கு முதலில் பிறந்தது பெண். பாப்பா பிறந்தபோதே மிகவும் சின்னதாக இருந்தாள். தலையும் சின்னது. பிரசவம் ஆன வீட்டில் உடம்பு தேற பிராந்தி கொடுப்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், அதுவும் நடந்தது. பாப்பா உட்காரவும் நடக்கவும் மற்ற குழந்தைகளைவிட ரொம்ப நாள் எடுத்துக்கொண்டாள். நடக்க ஆரம்பித்த பிறகு நிற்கவே இல்லை. சொன்னதை உடனே மறந்துவிடுவாள். சூடான பாத்திரத்தில் கை வைத்து அழுவாள், அழுகை நின்றதும் மறுபடி அதிலேயே கை வைப்பாள். பால்வாடியில் சேர்த்தோம். கொஞ்ச நாளில் ஆயா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டாள்.

"கோவிச்சிக்காதம்மா. இத்த ஒண்ணப் பாத்துகினா மத்த பசங்கள யாரு பாக்கறது? டாக்டராண்ட காமி."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் ஆள் நான்தான். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கே போனாலும் "தம்பிய இட்டுகினு போ, அவன் பேசுவான்" என்பார்கள். அன்றைக்கும் நானே போனேன். அக்கா, மாமா, பாப்பா, நான். அக்கா அப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் பல அறைகளைத் தாண்டித்தான் அந்த டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். முந்தைய அறைகள் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி, மாமாவைப் பார்த்து: "நீ குடிப்பியா?" அவர் இல்லை என்பார். கேட்டவர்கள் நம்பாமல் ஒரு பார்வை பார்ப்பார்கள். இந்த டாக்டரம்மா மாமாவைக் கேட்கவில்லை. பாப்பாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் இருக்கும் அந்தப் பள்ளம் பாப்பாவுக்கு இல்லை. மேலுதடு ஒரு கோடு மாதிரி மெலிசாக இருந்தது. அதுவரைக்கும் நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே கிடையாது.

பிறகு அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். "இவ வயித்துல இருந்தப்ப நீங்க குடிச்சீங்களாம்மா?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார். பாப்பா மட்டும் டாக்டரின் கழுத்தில் தொங்கிய குழாயை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நான் திட்டறதுக்குக் கேக்கலை. தெரிஞ்சாத்தான் உதவி பண்ண முடியும்."

"மருந்துதான் குடிச்சேன்" என்றாள் அக்கா.

இறால் கொட்டகையையும் ஐஸையும் நான்தான் டாக்டரம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் இடையில் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டார். அம்மா குடிப்பது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, குழந்தையின் மூளை அதைத் தாங்காது, பாப்பாவுக்கு இருப்பது அதனால் வந்ததாகத்தான் தெரிகிறது, அதைத் திருப்பிச் சரிசெய்ய மாத்திரை கிடையாது என்று சொன்னார். எப்படிப் பழக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். தினமும் எல்லாம் ஒரே வரிசையில் நடக்க வேண்டும். மறந்தால் அடிக்கக் கூடாது, அது அடம் அல்ல. அப்புறம் அக்காவின் வயிற்றைக் காட்டினார்.

"இந்தக் குழந்தைக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னியோட எவ்வளவு குறையுதோ அவ்வளவும் அதுக்கு லாபம். மறுபடி வந்து என்னைப் பாருங்க."

வெளியே வந்ததும் அக்கா புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள், யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே அந்த வயிற்றுக்குள் இருந்ததைப் பற்றித்தான்.

அம்மாவிடம் சொல்ல வேண்டிய வேலையும் என் தலையில் விழுந்தது. அவள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோற்றைப் பிசைவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"உன்ன சொமந்தப்ப நான் இவளவிட ஜாஸ்தி குடிச்சேன். நீ காலேஜி படிக்கல? இங்கிலீசு பேப்பரு படிக்கல? மருந்து குடிச்சா புள்ள மந்தமா பொறக்கும்னா மொதல்ல நீதான் பொறந்திருக்கணும். போய் ஒன் டாக்டரம்மாவாண்ட சொல்லு."

அம்மாவுக்குப் பதில் சொல்ல நான் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், திறக்கிற கையே அவள் பக்கம் சாட்சி. அடுத்த முறை டாக்டரம்மாவிடமே கேட்டேன். எல்லாக் குழந்தையையும் அது ஒரே மாதிரி தாக்காது, எதைத் தாக்கும், எதை விடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால்தான் ஒரு சொட்டும் வேண்டாம் என்கிறோம் என்றார். அதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அவங்களுக்கும் தெரியாதுனு சொல்லு" என்று கையைக் கழுவப் போய்விட்டாள்.

அக்கா கொட்டகையில் தம்ளரை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். பெண்கள் விடவில்லை.

"இன்னாடி, எங்க கையால குடிக்க மாட்டியா? பெரிய எடத்துப் பொண்ணாயிட்டியா?"

"புள்ள மேல ஆச இல்லாதவதான் வோணாம்னு சொல்வா."

வேலையை விட்டுவிடு என்று மாமா சொன்னார். விட்டாள். ஐஸும் கொட்டகையும் போன பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அப்போதுதான் தெரிந்தது, தம்ளர் கொட்டகையோடு நிற்கவில்லை என்று. காலையில் எழுந்தால் அவள் கை நடுங்கியது. குமட்டிக்கொண்டே இருந்தது. வியர்த்துக் கொட்டியது. மதியத்துக்குள் சரியாகிவிடுவாள். எப்படி என்று பார்த்தால், அரிசி டிரம்முக்குள் குவாட்டர் பாட்டில் இருந்தது. மாமா அதை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். அந்த வாடைக்கு வாந்தியும் எடுத்தார். அக்கா அதைப் பார்த்துச் சிரித்து, சிரித்துக்கொண்டே அழுதாள். அடுத்த பாட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது.

"நான் ஆசப்பட்டா குடிக்கிறேன்னு நெனைக்கிற?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "உள்ள ஒதைக்குதுடா. ஒதைக்கும்போதெல்லாம் இனிமே கூடாதுனு நெனைக்கிறேன். கை நடுங்க ஆரமிச்சா ஒண்ணும் தோணல. ரெண்டு பக்கமும் அடைச்சாப்ல கீது."

டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் வரமாட்டேன் என்றாள். விட்டேன் என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும், அந்த அம்மாவிடம் பொய் சொல்ல முடியாது என்பது அவள் காரணம்.

ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் குடியை விட நினைப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடப்பதாகக் கல்லூரியில் கூடப் படித்தவன் சொன்னான். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் போகலாம். கூடத்தில் ஆண்கள் உட்காருவார்கள். நடுவில் பிளைவுட் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் அவர்களுடைய மனைவிமார்கள், குழந்தைகளோடு. மாமாவும் அக்காவும் பாப்பாவும் நானும் போனோம்.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார். துறைமுகத்தில் வேலை செய்தவர், தானும் குடித்து மீண்டவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். எங்களைப் பார்த்ததும் "யாருக்கு?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் பார்த்தது மாமாவை. அக்காவின் இடுப்பில் பாப்பா, முன்னால் வயிறு. அவளைப் பார்த்தபோது அவர் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார், "எனுக்குத்தான்."

"வா நைனா. வந்ததே பெரிய விசயம். தங்கச்சி, நீ அந்தாண்ட போம்மா."

அப்படித்தான் அக்கா தட்டிக்கு அந்தப் பக்கம் போனாள், குடிகாரனின் மனைவியாக. திரும்பும்போது மாமாவிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எம் பொண்டாட்டிக்குனு சொல்லியிருந்தா எங்க குந்த வெப்பாங்க அவள? ஆம்பளைங்களோடயா? அங்க இருந்த மூஞ்சிங்கள்ல பாதி நம்ம தெருவு, மச்சான். ஆம்பள குடிச்சா வியாதின்றாங்க. பொம்பள குடிச்சா இன்னா சொல்வாங்கனு ஒனக்குத் தெரியாதா? அவ உள்ள போணும், அவ்ளோதான். எப்டியோ போயிட்டா."

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மாமா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒவ்வொருவரும் எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். மாமாவின் முறை வந்தபோது அவர் எழுந்து, சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

"காலைல எந்திரிச்சா கை நடுங்குது. டம்ளரப் புடிக்க முடியல. இன்னிக்கி வோணாம்னுதான் எந்திரிக்கிறது. ஆனா பாட்டில வெச்ச எடம் கண்ணுலயே நிக்குது. எம் மொதப் புள்ளைக்கி இதனாலதான் இப்டி ஆச்சுன்றாங்க. அடுத்ததுக்கு இன்னா ஆவுமோனு நெனச்சாவே நெஞ்சு அடைக்குது. அதுக்கும் பாட்டில்தான் தேடுது."

கூடத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவ்வளவும் அக்காவுடையது. பக்கத்தில் படுத்துப் பார்த்ததை, தன் உடம்பில் நடந்ததுபோல அவர் சொல்லிக்கொண்டிருந்தார். டீ இடைவேளையில் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா சரக்கு நைனா?"

"பிராந்தி."

"எந்தக் கம்பெனி?"

மாமா யோசித்தார். "மஞ்சா லேபிலு."

"தண்ணி ஊத்தியா, ராவா?"

"டீயில."

சுற்றி நின்றவர்கள் அப்படியே சிரித்தார்கள். "எத்தினி வருசம் குடிச்சிகினு கீறேன், டீயில ஊத்திக் குடிக்கிற ஆம்பளய இன்னிக்கித்தாம்பா பாக்கறேன்" என்றார் ஒருவர். மாமாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

தட்டிக்கு அந்தப் பக்கத்தை ஒரு டீச்சரம்மா நடத்தினார். அவருடைய கணவரும் குடித்தவர். அங்கே பெண்கள் அக்காவுக்கு நல்ல நல்ல யோசனைகள் சொன்னார்களாம். பாட்டிலைக் கண்டால் கொட்டிவிடு. அவன் கூட்டாளிகளை வாசலிலேயே நிறுத்து. குடித்திருக்கும்போது வாதாடாதே, தெளிந்த பிறகு பேசு. ஒரு அம்மா தன் வீட்டிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தாள், வாய்க்கு ருசியாகத் தின்னு, அந்தக் கட்டையில போறவன நெனச்சி ஒடம்பக் கெடுத்துக்காத என்று.

"நல்லவங்கடா எல்லாம்" என்றாள் அக்கா, வீட்டுக்கு வந்து. "எம் புருசன வாயார திட்றாங்க. நான் தலய ஆட்டிகினு குந்தினுகீறேன். தெளிஞ்சப்பறம் பேசுன்றாங்க. எனுக்கு நானே எப்பிடிடா பேசிக்கிறது?"

அவள் குடிப்பது குறைந்திருந்தது, நிற்கவில்லை. வயிறு பெரிதாகிக்கொண்டே போனது. உள்ளே நுழைந்தாகிவிட்டது, ஆனால் நுழைந்த இடத்தில் அவளுக்கு வேண்டியதைக் கேட்க அவளுக்கு வாய் இல்லை. கேட்டால் மாமா பொய்யர். கேட்காவிட்டால் குழந்தை. நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு வழியும் எழுதியிருக்கவில்லை.

தெருவில் பாதிப்பேர் அந்தக் கூடத்தில் இருந்தார்கள் என்றால், தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? யார்டுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. குடிகாரனை நம்பி அவ்வளவு உயரத்தில் உட்கார வைக்க முடியாது என்று மாமாவைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்கா துணி துவைக்கும்போது அவருடைய சட்டைத் தோள் இரண்டிலும் துருவும் கிரீஸும் ஏறியிருந்ததைப் பார்த்தாள். கிரேன் ஓட்டுகிறவர் சட்டையில் அது வராது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. யார்டு வழியாகப் போனபோது அவர் கீழே கூலியாட்களோடு பளு தூக்கும் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.

"சங்கிலி இழுக்கிறாருக்கா."

அக்கா சட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் பேச்சு முடிந்து, கடைசியாக எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக இருக்கிற நேரம். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. அவள் சத்தமாகப் பேசவில்லை. கூடம் அமைதியாக இருந்ததால் எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"டீச்சரம்மா, எம் புருசன இனிமே யாரும் திட்டாதீங்க. அவுரு குடிக்க மாட்டாரு. அவுருக்கு வாடையே ஆவாது. குடிக்கிறது நானு."

ஒரு குழந்தை எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. "அய்யே" என்று ஒரு பெண் சொன்னாள். வேறு ஒருத்தி, "புள்ளய இப்டி குடு, எங்கிட்ட குடு" என்று அக்கா கையிலிருந்த தன் குழந்தையைக் கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு டீச்சரம்மாவின் குரல். "இன்னிக்கு குடிச்சிருக்கியா? எவ்ளோ குடிச்சே? பொய் சொல்லாம சொல்லு, ஒண்ணும் ஆவாது."

இந்தப் பக்கம் ஆண்கள் கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தார்கள். போன வாரம்தான் அவருக்குக் கை தட்டியிருந்தார்கள். டீயில் பிராந்தி என்றதற்குச் சிரித்தவர் மெதுவாகக் கேட்டார், "அப்ப நீ இன்னாத்துக்கு நைனா இத்தினி வாரம் வந்த?"

மாமா, "அவளத் தனியா அனுப்ப முடியுமாண்ணே?" என்றார். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நிற்பவர் வந்து அவர் தோளில் கை வைத்தார். இன்னொருவர் தரையைப் பார்த்துத் துப்புவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இரண்டும் நடந்தது.

டீச்சரம்மா மறுநாளே எங்களோடு டாக்டரம்மாவிடம் வந்தார். வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, உடம்பு பழகிவிட்டது, வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த சுவர். குடியை நிறுத்துகிற வார்டில் ஆண்கள் மட்டும். பிரசவ வார்டில், "இது குடிகாரிங்களுக்கு இல்ல" என்று ஒரு நர்ஸ் எங்கள் காதுபடச் சொன்னாள். டாக்டரம்மா நாள் முழுக்க ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கி, பிரசவ வார்டின் கோடியில் ஒரு கட்டில் வாங்கினார். கூட இருக்க ஒரு பெண் வேண்டும். மாமாவோ நானோ உள்ளே போக முடியாது. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்த பெண் அம்மா மட்டும்தான்.

அம்மாவிடம் யாரும் வாதாடவில்லை. "உம் பொண்ணு ஆஸ்பத்திரில கீறா, யாராவது கூட இருக்கணும்" என்று மாமா சொன்னார். அம்மா ஒரு பையில் மாற்றுப் புடவையை வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

குழந்தை என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண் குழந்தை. எடை குறைவுதான், ஆனால் பாப்பா அளவுக்கு இல்லை. இப்போது தவழ்கிறான். பார்க்க வருகிறவர்கள் யார் சாயல் என்று பார்ப்பார்கள். நாங்கள் மூக்குக்குக் கீழே பார்ப்போம். பள்ளம் இருக்கிறது. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் முழுசாகத் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. அதுவரை அவனைத் தூக்கும்போதெல்லாம் இப்படிப் பார்த்துக்கொண்டேதான் இருப்போம். அக்கா அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு பாட்டிலைத் தொடவில்லை. தொடாமல் இருப்பது அவளுக்கு ஒவ்வொரு காலையும் ஒரு வேலை. மாமா இன்னும் சங்கிலிதான் இழுக்கிறார். குடிக்கவே இல்லை என்று அவர் சொன்னதை யார்டில் ஒருவரும் நம்பவில்லை. அங்கே போய் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று அக்கா கிளம்பியபோது அவர்தான் தடுத்தார்.

அந்த வார்டில் அம்மா இருந்த நாட்களில் ஒரு மதியம். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பார்வையாளர் நேரம். கொட்டகைப் பெண்கள் கும்பலாக வந்தார்கள், ஆரஞ்சுப் பழம், பிரெட்டு, பூ எல்லாம் எடுத்துக்கொண்டு. அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அம்மா படிக்கட்டுக்கு இறங்கி வந்தாள். அவர்களில் மூத்தவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்து அம்மாவின் கையில் திணித்தாள். நிறத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"உம் பொண்ணு கெடந்து நடுங்குதாமே. டாக்டருங்க இன்னா கண்டாங்க? யாருக்கும் தெரியாம டீயில ரவோண்டு ஊத்திக் குடு. ரெண்டு உசுரு."

அம்மா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அக்கா முதல் நாள் முழுக்க அவளிடம் அதைத்தான் கேட்டிருக்கிறாள். ரவ குடும்மா, ஒரு வாய் போதும்மா என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறாள். கேட்டதைக் கொடுத்தே பழகியவள் எங்கள் அம்மா.

"வோணாம்க்கா" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வோணாமா? நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். எடுத்துகினு போ."

"எங்க கையில வெஷமா கீது? ஊத்திக் குடுத்தவ நீதானடி."

அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பழத்தையும் பிரெட்டையும் படியில் வைத்துவிட்டு, மேலே போய் அக்காவைப் பார்க்காமலே போய்விட்டார்கள். பூவை மட்டும் ஒருத்தி திரும்பி வந்து என்னிடம் கொடுத்தாள்.

அம்மா படியில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுத் தூக்கை நீட்டினேன், வாங்கவில்லை. கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப மொதப் புள்ளைக்கி நாந்தானாடா?"

டாக்டரம்மா சொன்ன எத்தனையோ வார்த்தைகள் என் வாயில் இருந்தன. உறுதியாகச் சொல்ல முடியாது, ஐஸ் வேலை, தெரியாமல் நடந்தது. எதை எடுத்தாலும் அது பொய்யாகவும் இருந்தது, அடியாகவும் இருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தூக்கை வாங்கிக்கொண்டாள், பூவையும் வாங்கிக்கொண்டாள்.

"தனியா கீறா. நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.